அவ அழிக்கலைண்ணே

உக்காருங்கண்ணே. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ரேட்டைப் பத்தி அப்புறம் பேசிக்குவோம். கடைசியா ஒண்ணு கேட்டீங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ‘உங்க வீட்டுக்காரம்மா கையில எங்க வீட்டுக் கல்யாணத்தைக் குடுத்துட மாட்டீங்கல்ல?’ன்னு கேட்டீங்க. டீக்கடையில சொன்னாங்களா? சொல்லுவாங்க. துறையூர் முழுக்க அதுதான் பேச்சு. தர்மலிங்கம் ஸ்டுடியோவுல ஒரு கல்யாணத்தையே அவன் பொண்டாட்டி அழிச்சுட்டா, செத்துப்போன மனுசன் முகம்கூட மிஞ்சலைன்னு.

அவ அழிக்கலைண்ணே.

இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏன் உங்ககிட்ட சொல்றேன்னும் தெரியல. நீங்க கேட்ட விதம் ஒரு மாதிரி இருந்துச்சு. அவ கை பட்டாலே ஆகாதுங்கற மாதிரி. பதினோரு வருசம் அவ கைபட்டுத்தான் இந்தக் கடையிலேர்ந்து ஒவ்வொரு ஆல்பமும் போச்சு.

என் மேலயும் தப்பு இல்லண்ணே. அதைப் புரிஞ்சுக்கணும்னா இந்தத் தொழில்ல என்ன செலவுன்னு உங்களுக்குத் தெரியணும். அறுபதாயிரம் ஜாஸ்திங்கறீங்க. இந்தக் கேமரா ஒண்ணே முக்கால் லட்சம். அது வெறும் உடம்பு. கண்ணு தனியா வாங்கணும், லென்ஸு, அது ஒரு எழுபதாயிரம். நாலு வருசம் போனா பழசும்பாங்க. வீடியோவுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கணும், ரெண்டு நாள் கூலி, வண்டிச் செலவு. ஆல்பம் பிரிண்ட் போட்டு வர்றதுக்குப் பன்னெண்டாயிரம். மழையில ஒரு ஃபிளாஷ் நனைஞ்சா அந்த மாசமே போச்சு. ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது. கடை வாடகைக்கு ஆடி மார்கழியெல்லாம் தெரியுமா?

எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு செலவும் இல்லாம இருந்துச்சு. வளர்மதி பாத்துக்கிட்டா. பத்தாவதுதான் படிச்சிருக்கா. நான்தான் சிஸ்டத்துல உக்கார வெச்சேன். மூணே மாசத்துல என்னைய விட வேகமாயிட்டா. வெளியில குடுத்தா ஒரு கல்யாணத்துக்கு எட்டாயிரம் கேக்கறான். நமக்கு வருசத்துக்கு முப்பது கல்யாணம். ஒரு பைசா செலவில்லாம ஓடுச்சுண்ணே.

போன வருசம் ஆவணிக்கு முன்னாடி ட்ரோன் வாங்கினேன். வேற வழி? வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. வளர்மதியோட வளையல் நாலையும் வெச்சு வாங்கினேன். தொழிலுக்குத்தானே, நான் குடிச்சா அழிச்சேன்? அவ வளையலைக் கழட்டிக் குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

“ட்ரோன் அப்புறம் வாங்கலாங்க. ஹார்ட் டிஸ்க் நெறைஞ்சு கிடக்கு. அதை முதல்ல வாங்குங்க.”

எடுத்த படத்தையெல்லாம் போட்டு வைக்கிற பெட்டிண்ணே அது, டைரி சைஸ்ல இருக்கும். ஏழாயிரம் ரூபா. டிஸ்க் வெச்சிருக்கேன்னு சொன்னா எந்தப் பொண்ணு வீட்டுக்காரர் மெச்சிக்குவாரு? ட்ரோன் மேல போனா மண்டபமே அண்ணாந்து பாக்குது. அடுத்த மாசம் வாங்கலாம்னேன். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை ஞாபகப்படுத்தினா. சும்மா நச்சரிக்காதேன்னேன்.

ஆவணியில நாலு நாள்ல மூணு கல்யாணம். முதல் கல்யாணம் பிச்சைரெத்தினம்னு ஒருத்தர் வீட்டுது. ரைஸ்மில்லுல எடை போடறவரு. உங்க ஊருக்குப் போற ரோட்டுலதான் வீடு, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி. ஒரே பொண்ணு, அபிநயா. பேசி முடிக்க அவர்தான் வந்தாரு. இதோ நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான். பேரமே பேசல. “என் மூஞ்சியெல்லாம் ரொம்ப வேண்டாம் தம்பி, புள்ளைய நல்லா எடுத்துக் குடுங்க”ன்னாரு.

நல்லாத்தான் எடுத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, ஞாயித்துக்கிழமை காலையில முகூர்த்தம். வரவேற்பை அன்னைக்கே காப்பி பண்ணியாச்சு. முகூர்த்தம் மட்டும் ரெண்டு மெமரி கார்டுல இருந்துச்சு. போட்டோ ஒண்ணுல, வீடியோ ஒண்ணுல. ரெண்டையும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மேசை மேல வெச்சேன். அவ டிஸ்க்கைப் பாத்துட்டு, “எடம் இல்லங்க, பழசை ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் எடுக்கணும். காலையில காப்பி பண்றேன்”னு சொன்னாளாம். எனக்குக் காதுல விழல. சாப்பிட்டுட்டு இருந்தேன்.

திங்கக்கிழமை முசிறியில அடுத்த கல்யாணம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். டப்பாவை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டேன். எப்பவும் அன்னன்னிக்கே காப்பி பண்ணிடுவா. அதனால எடுத்தேன். இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க?

ஆறரை மணிக்கு போன் அடிக்குது. பாக்கெட்டுல அதிருது. ஐயர் மந்திரம் சொல்லிட்டிருக்காரு, மேளக்காரரு என் காதுகிட்ட நிக்கறாரு. திரும்பத் திரும்ப அடிக்குது. முகூர்த்த நேரத்துல எந்த போட்டோகிராபராவது போன் எடுப்பானா? பதினோரு வருசம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா? கேமராவுல இருந்த கார்டு நெறைஞ்சு போச்சு. டப்பாவைத் திறந்தேன், ரெண்டையும் மாட்டினேன், சுத்தமாத் துடைச்சு வெறுங்கார்டா ஆக்கினேன். ரெண்டு பட்டன்தாண்ணே. அஞ்சு செகண்டு.

தாலி கட்டி முடிஞ்சப்புறம் போனைப் பாத்தா ஏழு மிஸ்டு கால்.

கூப்பிட்டேன். அவ கத்தல. “அந்த ரெண்டு கார்டையும் இனிமே தொடாதீங்க. அப்படியே எடுத்து வெச்சிருங்க. திருச்சியில குடுத்தா ஏதாவது மீட்டுத் தருவாங்க”ன்னா. சரியான பேச்சுதான். ஆனா பாதிக் கல்யாணத்துல நிக்கறேன். கையில வேற கார்டு இல்ல. புதுசு ஒவ்வொண்ணும் ஒன்பதாயிரம், அதுவும் முசிறியில கிடைக்காது. அந்தக் கல்யாணத்தை அதுலயே எடுத்தேன். புதன்கிழமைக் கல்யாணத்தையும் அதுலயே எடுத்தேன்.

நினைச்சேன், என்ன ஆகிடப் போகுது? வரவேற்பு இருக்கு. ட்ரோன்ல எடுத்தது தனியா இருக்கு, மண்டபத்து மொட்டைமாடி, ரோடு, தென்னமரம் எல்லாம் அருமையா வந்திருக்கு. ஒரு நல்ல நாள் பாத்து மாப்பிள்ளை பொண்ணைத் திரும்ப மாலை போட்டு நிக்க வெச்சு எடுத்துக் குடுத்துடலாம். இந்தத் தொழில்ல அப்படி நடக்கறதுதான். யாருக்கும் பெருசா நஷ்டமில்ல.

கல்யாணம் முடிஞ்ச பத்தொன்பதாம் நாள் பிச்சைரெத்தினம் மில்லுலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிர் போயிடுச்சு. அம்பத்தி நாலு வயசுண்ணே.

அன்னைக்கு மத்தியானமே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். அங்க அழிஞ்ச படத்தை மீட்டுத் தர்ற கடைக்காரன் கார்டை மாட்டிப் பாத்துட்டு, “இதுக்கு மேல ரெண்டு கல்யாணம் ஏறியிருக்கே சார். அப்பவே கொண்டாந்திருந்தா முக்காவாசி எடுத்திருக்கலாம்”னான். பாத்ததுக்கே ஐநூறு ரூபா வாங்கிக்கிட்டான்.

ஆறாம் நாள் வந்தாங்க. அந்தம்மா சரோசா, பொண்ணு அபிநயா, மாப்பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைக்கணும், பட்டுவேட்டி கட்டிக்கிட்டு இருந்தாரே, அந்தப் படம் வேணும்னாங்க. நான் வரவேற்புலேர்ந்து தேடி எடுத்தேன். மனுசன் வரவேற்பு முழுக்கப் பந்தியிலேயே நின்னிருக்காரு. ஒரே ஒரு படம். அதுலயும் முதுகு. யாருக்கோ தண்ணி ஊத்திட்டு இருக்காரு.

“இது வேண்டாங்கண்ணா, காலையில எடுத்ததுல பாருங்க”ன்னுச்சு அந்தப் பொண்ணு. அப்புறம் மெதுவா சொல்லுச்சு, “தாரை வாத்துக் குடுக்கறப்ப நான் தலையைக் குனிஞ்சிட்டு இருந்தேன். எங்கப்பா மொகத்தைப் பாக்கவே இல்ல. வீடியோ வந்ததும் பாத்துக்கலாம்னு இருந்தேன். எப்படி இருந்தாரு? அழுதாரா, சிரிச்சாரா? அதை மட்டும் போட்டுக் காட்டுங்க.”

நான் அந்த முகத்தைப் பாத்திருக்கேன். பொண்ணு கை மேல அவர் தண்ணி ஊத்தறப்ப மூணடி தூரத்துல கேமராவுல கண்ணை வெச்சு நின்னேன். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வரல. வெளிச்சம் சரியா விழுதா, பின்னாடி நிக்கற ஆளு மறைக்கறானா, அதைத்தான் பாத்திருக்கேன். முகத்தைப் பாக்கலைண்ணே.

அந்தம்மா என்னையவே பாத்துட்டு இருக்கு. மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னுட்டான், அவனுக்கு ஏதோ புரிஞ்சு போச்சு. அந்த நேரத்துல வாயில வந்துடுச்சு.

“வீட்டுக்காரி சிஸ்டத்துல தெரியாத்தனமா அழிச்சுட்டாம்மா. படிக்காத பொம்பளை. நான் முசிறிக்குப் போயிருந்த நேரம்.”

அவ அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தா. எந்திரிச்சு வந்தா. என்னைய ஒரு தடவை பாத்தா. சரோசாம்மா அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “ஏம்மா, நீயும் ஒரு பொம்பளைதானே, பாத்துச் செய்யக் கூடாதா? இனிமே நான் எங்க போயிப் பாப்பேன்?”னு கேட்டுச்சு. வளர்மதி அப்படியே குனிஞ்சு அந்தம்மா காலைத் தொட்டா. “மன்னிச்சிருங்கம்மா”ன்னா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. எனக்கு அப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?

ஒண்ணும் சும்மா அனுப்பலண்ணே. பாக்கிப் பணமே வேண்டாம்னுட்டேன். வரவேற்பு ஆல்பத்தை இலவசமாப் போட்டுத் தர்றேன்னேன். அதுவே பன்னெண்டாயிரம் என் கைக்காசு. அவங்கதான் வாங்கிக்க வரல.

போனப்புறம் அவகிட்ட எடுத்துச் சொன்னேன். “உன்னையத் திட்டினா நாலு நாள்ல மறந்துடுவாங்க. என்னையத் திட்டினா கடையை மூடணும். கடை பேருல என் பேருதான் இருக்கு. உன் பேரு கெட்டா நமக்கு என்ன நஷ்டம்?”

“எனக்கும் பேருன்னு ஒண்ணு இருக்குங்களா?”ன்னு கேட்டா.

நான் சிரிச்சேன். அந்த நேரத்துல சிரிச்சிருக்கக் கூடாதோ என்னமோ.

அதுக்கப்புறம் பதினோரு நாள் இருந்தா. முசிறிக் கல்யாணம், புதன்கிழமைக் கல்யாணம் ரெண்டையும் எடிட் பண்ணி, ஆல்பத்துக்கு அனுப்பி, எது எங்க இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சா. பன்னெண்டாம் நாள் பெரம்பலூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. எங்களுக்குப் புள்ளகுட்டி கிடையாது. போறவளைத் தடுக்க வீட்டுல வேற யாரும் இல்ல. ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நான் இருந்தேன். அவ அக்காதான் தூபம் போட்டிருப்பா, அது எனக்குத் தெரியும்.

ஒரு மாசம் பாத்தேன். எடிட்டிங்கை வெளியில குடுத்துக் கட்டுப்படி ஆகல. நேர்லயே போனேன். பழைய சிஸ்டம் ஒண்ணைத் தவணையில வாங்கிப் போட்டு, அங்க இருக்கற ஸ்டுடியோக்காரங்களுக்கு எடிட் பண்ணிக் குடுத்துட்டு இருக்கா. வாங்கன்னா. டீ போட்டுக் குடுத்தா. சண்டையெல்லாம் இல்ல.

“கிளம்பு, போகலாம்”னேன்.

“வர்றேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்தம்மா வீட்டுக்குப் போயி, அவ அழிக்கல, நான்தான்னு சொல்லிட்டு வாங்க. நீங்க சொன்னீங்கன்னு அவங்க எனக்கு போன் பண்ணினா போதும், அடுத்த பஸ்ல வந்துடறேன்.”

“சொன்னா கடை என்ன ஆகும், யோசிச்சியா?”

“யோசிச்சேன்”னா. திரும்பி உக்காந்து வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

நீங்களே சொல்லுங்கண்ணே, முடியற காரியமா அது? முதல்ல கார்டை அழிச்சவன், அப்புறம் பொய் சொன்னவன், ரெண்டு பேரு வரும் எனக்கு. மாப்பிள்ளை ஒரு மாதிரி ஆளு, நஷ்டஈடு கேப்பான். தை மாசத்துக்கு ஆறு கல்யாணம் புக் ஆகியிருந்துச்சு. கடன் நிக்குது. வண்டியை எடுத்துட்டு அந்த ரோட்டுல ரெண்டு தடவை போனேன். பெட்ரோல் பங்க் வரைக்கும் போவேன், பெட்ரோல் போட்டுக்கிட்டுத் திரும்பிடுவேன்.

அதுக்கப்புறம்தான் கேள்விப்பட்டேன், அவ பண்ணின வேலையை. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவங்க ஒவ்வொருத்தர் வீடா அலைஞ்சிருக்கா. மொய் எழுதின நோட்டை வெச்சு ஊரு, பேரு எல்லாம் அபிநயாகிட்ட வாங்கிக்கிட்டு, நாமக்கல்லு, கள்ளக்குறிச்சி, தாத்தையங்கார்பேட்டைன்னு பஸ்ஸுலயே போயிருக்கா. உங்க போன்ல அன்னைக்குக் காலையில எடுத்தது ஏதாவது இருக்கான்னு கேக்க. போற எடத்துலயெல்லாம், “அழிச்சவ நீதானே?”ன்னு கேட்டிருக்காங்க. “ஆமாங்க, நான்தான்”னு சொல்லிட்டு வாங்கியிருக்கா. ஒருத்தர் வீட்டுல வாசல்லேயே ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்களாம். நாப்பத்தாறு போன்.

அதையெல்லாம் சேத்து பதினோரு நிமிசத்துக்கு ஒரு படம் பண்ணிக் குடுத்திருக்கா. என்கூட வீடியோ எடுக்க வர்ற பையன் அவன் போன்ல காட்டினான். எல்லாம் ஆடற படம், யாரோ தலை மறைக்குது, யாரோட புள்ளையோ குறுக்க ஓடுது. நான் எடுத்திருந்தா அப்படி எடுத்திருக்க மாட்டேன். ஆனா எல்லாத்துலயும் ஏதாவது ஒரு மூலையில பிச்சைரெத்தினம் இருக்காரு. வாசல்ல செருப்பை ஒதுக்கி வைக்கறாரு. ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வர்றாரு. அவர் வர்ற எடமெல்லாம் படத்தை மெதுவா ஓட விட்டிருக்கா.

தாரை வாக்கறதும் இருக்கு. தூரத்துச் சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு எடுத்தது. நாலு செகண்டு. அழலண்ணே அவரு. சிரிக்கவும் இல்ல. கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு வெளிய சிந்திடக் கூடாதுங்கற மாதிரி அவ்வளவு கவனமா ஊத்தறாரு. பொண்ணு கையை மட்டும் பாக்கறாரு. நாலு செகண்டு.

நான் அதை எத்தனை தடவை பாத்தேன்னு தெரியல.

கடைசியில பேரு ஒண்ணும் போடல. அதுதான் எனக்கு ஆத்தாமை. தர்மலிங்கம் ஸ்டுடியோன்னு ஒரு வரி போட்டிருந்தா என் பேரும் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும்ல? பதினோரு வருசம் சோறு போட்ட கடை. காசும் வாங்கலையாம். அந்தம்மா வற்புறுத்தினதுக்கு, “தப்புப் பண்ணினவ காசு வாங்கலாமாம்மா?”ன்னாளாம். இன்னமும் அவங்க அவதான்னு நினைச்சுட்டு இருக்காங்கண்ணே. அழிச்சவளே அலைஞ்சு சேத்துக் குடுத்துட்டா, பாவம் நல்ல பொம்பளைதான், கவனம்தான் பத்தலைன்னு பேசிக்கறாங்களாம்.

தை மாசத்துக் கல்யாணம் ஆறுல நாலு கேன்சல் ஆயிடுச்சு. அவ பேரைச் சொன்னா கடை தப்பிச்சுக்கும்னு நினைச்சேன். கடை பேரும் சேந்துதான் போச்சு. ட்ரோனை வித்துட்டேன், பாதி விலைக்கு. வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு.

சரி, இதெல்லாம் போகட்டும். உங்களுக்கு அம்பதுன்னு போட்டுக்கறேன். அம்பதாயிரம். ரெண்டு ஆல்பம், வீடியோ, எல்லாம் சேத்து. தேதி என்ன சொன்னீங்க?

என்னண்ணே?

நம்பரா? யாரு நம்பரு?

வளர்மதி நம்பரா.

...இல்ல, தப்பா எடுத்துக்கல. உங்க பொண்ணு கல்யாணம், உங்களுக்குத் தோணுறதைத்தானே செய்வீங்க. அவ கேமரா பிடிக்க மாட்டா, எடிட்டிங் மட்டும்தான். பெரம்பலூர்லயே நல்ல பசங்க இருக்காங்க, அவளே ஆள் சொல்லுவா. எழுதிக்குங்க. எனக்கு மனப்பாடம். தொண்ணூத்தி நாலு, நாப்பத்தி மூணு... இருங்க, நானே உங்க போன்ல போட்டுத் தர்றேன். ஆங், வளர்மதின்னே பதிஞ்சுக்குங்க.

மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போங்க. வண்டியில தானே வந்தீங்க?

அண்ணே, ஒரு நிமிசம். அந்த ரோட்டு வழியாத்தானே போறீங்க? பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நாலாவது வீடு. பச்சை கேட்டு. சரோசாம்மா சாயங்காலத்துல வாசல்லதான் உக்காந்திருக்கும். வண்டியைக்கூட நிறுத்த வேண்டாம், கொஞ்சம் மெதுவாப் போயி, அந்தப் பொம்பளை அழிக்கலையாம்மான்னு மட்டும் நீங்க சொல்லிட்டுப் போயிடுங்களேன்.

என் பேரு வேண்டாம். யாரு சொன்னதுன்னு கேட்டா, கேள்விப்பட்டேன்னு சொல்லுங்க. அது போதும்.